போகாத நீலம்

அம்சவல்லி விடியற்காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாள். அதற்கப்புறம் மத்தியானம் வீடு திரும்புகிற வரைக்கும் ஒரு மடக்குகூட உள்ளே போகாது. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் அநேகம் பேருக்கு அதுதான் பழக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்புமாக வெட்டவெளியாகக் கிடக்கிற இடத்தில் ஒதுங்குவதற்கு ஒரு புதர் கிடையாது. ஆண்கள் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் எங்கே போவது? தாகத்தை அடக்கிப் பழகிவிட்டால் மற்றதையும் அடக்கிக்கொள்ளலாம். வெயில் ஏறிவிட்டால் ஆண்களும் வேலையை விட்டுக் குடத்தண்டை வரமாட்டார்கள். ஆகவே, உப்புக் காலத்தில் மூத்திரம் மஞ்சளாக எரிந்துகொண்டு போவதையோ செம்பு நிறத்தில் போவதையோ அந்த ஊரில் யாரும் நோய் என்று சொன்னதில்லை. அளத்துச் சூடு என்பார்கள். வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்துவிட்டு மறுநாள் பாத்தியில் இறங்குவார்கள்.

அம்சவல்லியின் தம்பி தங்கராசு செத்துப்போனது இதனால்தான். அதில் தன் கைக்கு இருந்த பங்கை அவள் இரண்டரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய அம்மா செல்லம்மாள் இறந்தபோது அம்சவல்லிக்குப் பதினைந்து வயது. தங்கராசுக்கு ஏழு. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அவனை வளர்த்தாள். பதினேழு வயதில் அம்மாவின் கடைசித் தம்பி பஞ்சநாதனுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். அந்த ஊரில் அக்கா மகளைக் கட்டுவது உரிமை. கட்டாமல் வெளியே போனால்தான் ஏன் என்று கேட்பார்கள். பஞ்சநாதன் நல்ல வேலைக்காரன். சீசன் தொடங்குமுன் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துவதில் அவன் காலுக்கு ஈடு கிடையாது என்று அளத்துக்காரர்களே சொல்வார்கள். பூவிழி ஒரே பிள்ளை. அவள் பெரியவளானபோது மாமன் சீரைத் தங்கராசுதான் கொண்டுவந்து வைத்தான். காலம் வந்தால் அவனுக்கே அவளைக் கொடுத்துவிடலாம் என்றும் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது.

மழைக்காலத்தில் அளம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் ஆண்கள் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அப்படிப் போன தங்கராசு 2004 பொங்கலுக்குத் திரும்பி வந்தபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்க் காய்ச்சல் அடித்தது. சுகாதார ஊழியர் நடராசன் சைக்கிளில் வந்து விரலைக் குத்தி ரத்தம் எடுத்துப் போனார். மலேரியா என்று வந்தது. முதலில் காய்ச்சலைத் தணிக்கிற மாத்திரை; பிறகு மறுபடி வராமல் இருக்க, தினம் ஒன்றாக ஐந்து நாளைக்கு வேறொரு மாத்திரை. காய்ச்சல் விட்டதும் தங்கராசு அளத்துக்குக் கிளம்பிவிட்டான்.

அந்த ஐந்து நாள் மாத்திரையில் மூன்றாம் நாள் காலையில் கொல்லைப் பக்கமிருந்து வந்தவன், "அக்கா, வரக்காப்பி மாதிரி போவுதுக்கா," என்றான்.

"சூடுடா அது. மூணு நாளா ஒரு முழுங்குத் தண்ணி குடிச்சியா?"

"இல்லக்கா. நெஞ்சு படபடன்னு அடிக்குது. இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை. உட்டுடட்டுமா?"

"போட ஆரம்பிச்சதைப் பாதியில உட்டா மறுபடி வரும்னு நடராசன் சார் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காரு. மாத்திரைக்குப் பயப்படுற ஆம்பளையப் பாரு! வாயத் தெற."

அவள்தான் போட்டாள். நாலாவதையும் அவள்தான் போட்டாள். ஐந்தாவதைப் போடும்போது அவன் கண் மஞ்சளாக இருந்தது, உதடு வெளுத்திருந்தது. காமாலை என்று நினைத்து, மாத்திரையையும் கொடுத்து, கீழாநெல்லியையும் அரைத்துக் கொடுத்தாள். ஏழாம் நாள் வேன் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் அவள் மடியிலேயே தலை சாய்ந்துவிட்டது. காமாலையில் போனான் என்று ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் சொன்னாள். ஐந்து மாத்திரையில் மூன்றைத் தன் கையால் போட்டதை மட்டும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. மீனவர் குப்பங்களில் போன உயிர்களுக்குக் கணக்கு எழுதினார்கள். அளத்தில் பாத்திகளெல்லாம் சேறு. அதற்கப்புறம் யார் யாரோ வந்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள், மண்ணைச் சோதித்தார்கள், கொசுவைப் பிடித்துக் குப்பியில் அடைத்துப் போனார்கள். அலை வந்ததால் எல்லோருடைய கண்ணும் இந்தக் கரைமேல் பட்டது. ஒரு வருஷம் பட்டது.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் சாலமன். ஒரு மருத்துவக் கல்லூரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். நரைத்த மீசை. பழைய ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் போட்ட பெட்டி. 2005 ஜூன் மாதம் ஒரு காலை வேளையில் வரப்போரம் வந்து நின்று, "மலேரியா மாத்திரை போட்டு மூத்திரம் கருப்பாப் போன ஆம்பளைங்க யாராவது இருக்கீங்களாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

"இன்னா சார், காலங்காத்தால இதையா விசாரிக்க வந்தே?"

"ஆம்பளைங்க ரத்தம்தான் எடுப்பியா? எங்களுது இன்னா, வெறும் தண்ணியா?"

அம்சவல்லி சிரிக்கவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்கவும் மறந்து நின்றாள். பிறகு இறக்கி வைத்துவிட்டு வரப்பில் நடந்து அவரிடம் போனாள்.

"கருப்பாப் போனா இன்னா அர்த்தம் சார்?"

சாலமன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். சில பேருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு சத்து குறைவாக இருக்கும். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. இந்த மாத்திரை உள்ளே போனால் ரத்த அணு உடைந்து சிறுநீரில் கரைந்து போகும். அதுதான் கருப்பு. அப்போதே மாத்திரையை நிறுத்திவிட்டால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளலாம்.

"நிறுத்திட்டாவா?"

"ஆமாம்மா."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாலமன் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். பழக்கத்தில் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு வாங்கி முழுக்கக் குடித்தாள்.

"என் தம்பி நிறுத்திடறேன்னுதான் சார் சொன்னான்," என்றாள்.

சாலமன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். ஸ்கூட்டரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தங்கராசின் பெயர், வயது, அப்பா பெயர் எழுதினார். அப்பா வீட்டு ஆண்கள் யார் யார் என்று கேட்டார்.

"அப்பா பக்கம் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல சார். எங்கம்மா பக்கம் பாருங்க. எங்கம்மாவோட பெரிய தம்பி ஒருத்தரு வாலிபத்திலேயே காமாலைன்னு போயிட்டாரு. சின்னவரும் ஒருவாட்டி ஏதோ மாத்திரை தின்னு உடம்பெல்லாம் வெளுத்துப் பொழைச்சாரு."

"அந்தச் சின்னவரு எங்கே இருக்காரு?"

"அதோ, மூணாவது பாத்தியில பலகை போட்டு உப்பு வாரிக்கினு இருக்காரு பாருங்க. என் வீட்டுக்காரருதான்."

சாலமன் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். படிவத்தில் அப்பா பெயருக்குக் கட்டம் இருந்தது. மாமன் பெயருக்குக் கட்டம் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி வெறும் இடத்தில் எழுதிக்கொண்டார். அந்த வாரத்தில் அவர் தெரிந்துகொண்டது, இந்த ஊரில் விசாரிக்க வேண்டியது ஆண்களை இல்லை, பெண்களை என்பது. ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் அம்மாவின் தம்பிமார்கள் யார், அவர்களுக்கு என்ன வந்தது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. தாலிக்கும் சீருக்கும் அந்த உறவுதானே முன்னால் நிற்கிறது. அம்சவல்லி வேலை முடிந்த மத்தியான வேளைகளில் அவரோடு வீடு வீடாகப் போனாள். கூலி கிடையாது. கேட்கவும் இல்லை. பதினோரு வீட்டு மாமன்களை வரிசையாகச் சொல்லி எழுதவைத்தாள்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "எப்படி சார், பொண்ணு வழியா வந்து ஆம்பளையப் போய்த் தாக்குது?"

சாலமன் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றின் நுனியைப் பிரித்துக் காட்டினார். "இத பாரும்மா. இந்தச் சமாச்சாரத்துக்குப் பொம்பளைக்கு ரெண்டு புரி. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு நைஞ்சிருந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கும். ஆம்பளைக்கு அம்மா குடுத்த ஒரு புரிதான். அது நைஞ்சதா இருந்தா வேற வழியில்ல."

"அப்ப என் பொண்ணுக்கு ஒண்ணும் வராதா?"

"சாதாரணமா வராது. அதனாலதான் எங்களுக்கு ஆம்பளைங்களுக்கு மட்டும் ட்யூப் குடுத்தாங்க. எங்க டாக்டரம்மா பொம்பளைங்களையும் சேர்க்கணும்னு எழுதிப் போட்டாங்க. செலவு ரெண்டு மடங்காகும்னு மேலே வெட்டிட்டாங்க. இந்தப் பணமே அலை வந்ததால கெடைச்சது. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் அவங்க எழுதின பேப்பருக்குப் பதிலே வரலை."

"ஏன் சார்?"

"இது காசு இல்லாதவங்க வியாதிம்மா. இதுக்குப் புதுசா ஒரு மருந்து கண்டுபிடிச்சு விக்கப் போறதில்ல. போடாதேன்னு சொல்லத்தான் போறோம். போடாதேன்னு சொல்றதுக்கு எவன் காசு குடுப்பான்?" சாலமன் கயிற்றை மறுபடி முறுக்கினார். "டாக்டரம்மா சொல்லுவாங்க, ஒரு காலத்தில ஒவ்வொருத்தரோட ரத்தத்தையும் பார்த்து, அவங்கவங்களுக்குத் தகுந்த மாத்திரைதான் குடுப்பாங்களாம்."

"எல்லாருக்குமா? அளத்துக்காரங்களுக்குமா?"

"எல்லாருக்கும்னுதான் சொன்னாங்க." அவர் சிரித்தார். "வரிசையில நாம எங்க நிக்கறோம்னு சொல்லலை."

பஞ்சநாதனின் ரத்தம் சோதனைக்குப் போய் ஒரு வாரத்தில் அட்டை வந்தது. இந்த மாத்திரை இவருக்குக் கொடுக்கக்கூடாது என்று சிவப்பு மையில் எழுதி, டாக்டரம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். பஞ்சநாதன் அதை நாலு பேர் பார்க்க வாங்கவே கூசினான். வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினான்.

"வம்சத்து ரத்தமே கெட்டதுன்னு எழுதிக் குடுத்திருக்கான். நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவன் இன்னா சொல்லுவான்?"

"மாமா, அட்டை இல்லாம எங்க தம்பி போய்ச் சேர்ந்தானே, அப்ப வம்சம் நல்லா இருந்துதா?" என்றாள் அம்சவல்லி. அட்டையை எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

2006 மார்ச்சோடு அந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் முடிந்தது. சாலமன் கடைசியாக ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மாவுக்கு வேறு மாநிலத்தில் வேலையாகிவிட்டது. ஆண்களில் பாதிப் பேருக்குத்தான் பார்த்து முடித்திருந்தார்கள்.

ஜூலையில் பூவிழிக்குக் காய்ச்சல் வந்தது. சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்று, அங்கேயே மாடியில் நாற்பது பெண்களோடு தங்கியிருந்தவள். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். நடராசன் வந்து விரலைக் குத்தினார். இப்போது சைக்கிள் போய் மொபெட் வந்திருந்தது. மலேரியாதான். காய்ச்சல் மாத்திரையில் மூன்றாம் நாள் உடம்பு தணிந்தது. நாலாம் நாள் காலையில் ஐந்து நாள் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாம்மா. மொத மாத்திரையை என் கண்ணெதிர்ல முழுங்கட்டும். அதுதான் ரூல்."

அம்சவல்லி டம்ளரோடு வந்தாள். ஆனால் டம்ளரை மகளிடம் கொடுக்கவில்லை.

"சார், இதானே என் தம்பிக்குக் குடுத்தது?"

நடராசனுக்கு முகம் சுருங்கியது. நல்ல மனுஷர். தங்கராசு விஷயம் சாலமன் வந்துபோன பிறகு அவருக்கும் தெரியும். அவர் ஒருவரிடமும் மறைக்கவில்லை. யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

"அதான்மா. ஆனா பொம்பளைங்களுக்கு அது வராது. சாலமன் குடுத்த நோட்டீஸ்லேயே ஆம்பளைங்கன்னுதான் போட்டிருக்கு. நான் அவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்பக் குடுக்கறேன். இதைப் போடாம உட்டா ரெண்டு மாசத்தில மறுபடி வரும். வந்துக்கிட்டே இருக்கும்."

"இவங்க அப்பாவுக்கு அட்டை இருக்குது."

"சரி, இருக்குது. அப்பா புரி ஒண்ணு நைஞ்சிருக்கும். அம்மா புரி தாங்கிக்கும். சாலமன் கயிறு கதை எனக்கும் சொன்னாரு."

"சார், அவரு இவங்க அப்பா மட்டும் இல்ல. எங்கம்மாவோட கூடப் பொறந்தவரு. எங்கம்மா வழியில என் தம்பிக்கு வந்துது. அதே வழியில எனக்கும் வந்திருக்கும். எனக்கு எங்கப்பா குடுத்தது நல்லா இருக்கறதால நான் தப்பிச்சேன். இவளுக்கு அவரு குடுத்தது ஒண்ணு, நான் குடுத்தது ஒண்ணு." அம்சவல்லி டம்ளரை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள். "ரெண்டு புரியும் ஒரே வீட்டுலேருந்துதானே சார் வந்துது?"

பாயில் சுருண்டிருந்த பூவிழி தலையைத் தூக்கினாள். "அப்ப எனக்கு இன்னாம்மா?"

உள்ளேயிருந்து பஞ்சநாதன் வந்தான். "போதும் நிறுத்து. நீ இன்னா டாக்டரா? ஒருத்தனை அனுப்பிட்டோம்னு பயந்து பயந்து இதையும் காய்ச்சல்ல சாவடிக்கப் போறியா? நோட்டீஸ்ல எழுதினவனுக்குத் தெரியாதா?"

"நோட்டீஸ் எழுதினவங்க மாமனைக் கட்டலை, மாமா. அவங்க படிவத்தில அந்தக் கட்டமே இல்ல."

"மாத்திரையைக் குடுடி."

"ஒருத்தனுக்கு என் கையால குடுத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "நாலாவது நாளும் குடுத்தேன். வேணாம்க்கா, வேணாம்க்கான்னான். வாயத் தெறடான்னு சொல்லிக் குடுத்தேன். இது உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இன்னொருவாட்டி என் கை வராது. நீ குடுக்கறதுன்னா குடு."

பஞ்சநாதன் மாத்திரையைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். அவன் கையும் வரவில்லை.

நடராசன் மாத்திரையைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒரு நாள் டைம் தர்றேன். நாளைக்குக் காலையில வருவேன். சாலமனைப் போய்ப் பாருங்க. அவரு போடச் சொன்னா போட்டுடணும்."

ஏழரை மணி பாண்டிச்சேரி பஸ்ஸில் தாயும் மகளும் ஏறினார்கள். கூனிமேடு தாண்டும்போது பூவிழி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கீழ்புத்துப்பட்டு வந்தபோது அம்சவல்லி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மடியில் சாய விடவில்லை.

கல்லூரியில் சாலமனைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பழைய அறையில் வேறு யாரோ இருந்தார்கள். அவரைச் சர்க்கரை, உப்புச் சோதனை செய்கிற பெரிய கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அம்சவல்லியைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இது எனக்குத் தோணவே இல்லம்மா," என்றார். "படிவத்துக்குப் பின்னாடி என் கையாலதான் எழுதினேன், மாமனைக் கட்டினவங்கன்னு. எழுதிட்டு அப்படியே உட்டுட்டேன்."

"இப்பப் பாருங்க சார்."

"ப்ராஜெக்ட் முடிஞ்சுபோச்சும்மா. சோதனை மருந்தெல்லாம் திருப்பி அனுப்பியாச்சு."

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு சார்," என்றாள் அம்சவல்லி. சண்டைபோடுகிற குரல் இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சாலமன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். குளிர்பெட்டியின் அடித்தட்டில் யாரோ தூக்கிப்போட மறந்த ஒரு குப்பியைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு விரல் அளவுக்கு நீலச் சாயம். மேலே ஒட்டியிருந்த தேதி கடந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"இது வேலை செய்யுமான்னே எனக்குத் தெரியாது. அதைத்தான் மொதல்ல பார்க்கணும்," என்று சொல்லித் தன் சட்டைக் கையை மடித்தார். பக்கத்திலிருந்த பெண் ஊழியரைக் கூப்பிட்டுத் தன் ரத்தத்தையே எடுக்கச் சொன்னார். பிறகு பூவிழியின் ரத்தம். மிச்சம் கொஞ்சம் சாயம் இருந்தது. அம்சவல்லி தானாகவே கையை நீட்டினாள்.

மூன்று சின்னக் கண்ணாடிக் குழாய்கள். மூன்றிலும் ஒரே நீலம், மேலே காற்றுப் புகாமல் ஒரு சொட்டு எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினார். நல்ல ரத்தமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் நீலம் வெளுத்து ரத்தத்தின் நிறம் மட்டும் நிற்கும் என்றார். வெளுக்காவிட்டால் அந்தச் சத்து இல்லை. சொல்லிவிட்டு வரிசையில் நிற்பவர்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

அம்சவல்லி ஸ்டூலைத் தொட்டியருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பாத்தியில் உப்பு பூப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அவளுக்குப் பழக்கம்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளை கட்டியிருக்கும். முக்கால் மணி நேரத்தில் முதல் குழாய், சாலமனுடையது, நீலம் வெளுத்து சிவப்பாக நின்றது. சாயம் வேலை செய்கிறது. சாயம் கெட்டுப் போயிருந்தால் சாயத்தின்மேல் பழி போட்டுவிட்டு வந்திருக்கலாம். இனி அது முடியாது.

பூவிழி பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டாள். ஒன்றரை மணி நேரமாயிற்று. அம்சவல்லியின் குழாய் பாதி வெளுத்தும் வெளுக்காமலும் மங்கலாக நின்றது. நடுவில் இருந்த பூவிழியின் குழாய் வைத்தபோது இருந்த மாதிரியே இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சாலமன் வந்து குனிந்து பார்த்தார். மறுபடி மூன்று மணிக்கு வந்தார். நாலரைக்கு வரிசை முடிந்து கூடம் காலியானதும் வந்து, நடுக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல அடர்த்தியான நீலம்.

"நீங்க சொன்னது சரிம்மா," என்றார்.

அவள் சரி என்பதற்காக அங்கே வந்தவள் இல்லை. தப்பாக இருக்கக்கூடாதா என்றுதான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்துபோய் மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.

பூவிழி கண்ணை விழித்து, குழாயைப் பார்த்தாள். "தங்கராசு மாமாவுக்கும் இப்படித்தான் நீலமா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்," என்றாள் அம்சவல்லி. "பார்க்கத்தான் ஆளில்ல."

சாலமன் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். ஆராய்ச்சியின் முத்திரை இப்போது அவரிடம் இல்லை. கூடத்தின் பெரிய டாக்டரிடம் போய் விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்கி வந்தார். பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தார். ஆண்களின் பெயர்களாக நூற்றுப் பதினேழு வரிசை எண் இருந்தது. அதற்குக் கீழே எண் போடாமல், 'பூவிழி, பெண், வயது பதினெட்டு, பெற்றோர் மாமன் – அக்கா மகள்' என்று எழுதினார்.

"இதை எங்கே சார் அனுப்புவீங்க?"

"டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்றேன். அவங்க மறுபடி எழுதிப் போடுவாங்க. அவங்க விட மாட்டாங்க." நோட்டை மூடினார். "பதில் வர்றது வேற விஷயம்."

மறுநாள் காலையில் நடராசன் சொன்னபடி வந்தார். பஞ்சநாதன் அன்று பாத்திக்குப் போகவில்லை. வாசலில் நின்றிருந்தவன், அம்சவல்லி எடுத்துவரும் முன்பே சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தாளைத் தானே எடுத்துக் கொடுத்தான். அவனுடைய அட்டையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் கொடுத்தான். ஊர் பார்க்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நடராசன் தாளை இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். ரிஜிஸ்டரில் பூவிழியின் பெயருக்கு நேரே நிறுத்தம் என்று எழுதினார். "காய்ச்சல் திரும்பினா மொதல்ல குடுத்த காய்ச்சல் மாத்திரைதான். திரும்பத் திரும்ப வரும்மா. உடனே எங்கிட்ட சொல்லணும்."

"சொல்றேன் சார். வந்தா வந்துட்டுப் போவட்டும்."

ரிஜிஸ்டரை மூடப்போனவர் நின்றார். அதே பக்கத்தில் கீழே விரலை வைத்தார். "இந்த வாரம் ரத்தத்தில வந்தது இன்னும் மூணு பேரு. மூணும் பொம்பளைங்க. எல்லாம் சென்னைக்குப் போய் வந்தவங்க. இந்த ஜெயாவுக்கு நேத்து மொத மாத்திரை குடுத்து, மிச்சத்தை வீட்டுல உட்டுட்டு வந்திருக்கேன்." கொஞ்சம் தயங்கினார். "இவ அப்பா அம்மா எப்படிம்மா உறவு?"

அம்சவல்லிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜெயாவின் அப்பன் கட்டியது அவனுடைய சொந்த அக்கா மகளை. அந்தக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவளே அம்சவல்லிதான்.

சாலமனின் குப்பி நேற்றோடு காலி.

அவள் பதில் சொல்லிவிட்டு, கூடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள்.

"மொபெட்டை எடுங்க சார்," என்றாள். "ரெண்டாவது மாத்திரை முழுங்கறதுக்கு முன்னாடி போயிடணும். மொதல்ல அவ மூத்திரம் இன்னா நிறத்தில போவுதுன்னு நான் கேக்கறேன். உங்ககிட்ட சொல்ல மாட்டா."